தேர்வாணையத்தின் முடிவை எதிர்த்து வழக்கு: வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: குரூப் 2 தேர்வில் ஒரு வினாவுக்கு இறுதி விடைக்குறிப்பே தவறு. ரிட் மனு போடலாமா ஐயா?

பதில்: போடலாம். அரசு அமைப்பின் செயலை எதிர்த்துப் போடும் இந்த ரிட் மனுவை விசாரிக்க, அரசியலமைப்பின் 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நிற்குமா என்பதை உங்கள் கையில் உள்ள ஆதாரம் தீர்மானிக்கும். கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் (1983) மாணவர்கள் பாடநூல்களை வைத்தே விடைக்குறிப்பு தவறு என்று காட்டி வென்றார்கள். அப்போது உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இது: விடைக்குறிப்பு சரி என்றே தொடங்க வேண்டும்; அந்தத் துறையை நன்கறிந்தவர் எவரும் ஏற்க முடியாத அளவுக்குத் தவறு என்று நிரூபித்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும். ‘இப்படியும் பொருள் கொள்ளலாமே’ என்ற வாதம் எடுபடாது. உத்தேச விடைக்குறிப்பு வெளியானபோதே ஆட்சேபம் பதிவு செய்தீர்களா? இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கேட்கும்.

கேள்வி: முதன்மைத் தேர்வு விடைத்தாளை மறுமதிப்பீடு செய்யச் சொல்லி உத்தரவு வாங்க முடியுமா?

பதில்: விதியில் மறுமதிப்பீட்டுக்கு இடமில்லை என்றால் மிக அரிது. கூட்டல் பிழை, திருத்தாமல் விட்ட விடை என்றால் நிலைமை வேறு.

கேள்வி: எனக்கும் விடைக்குறிப்புப் பிரச்சினைதான். இரண்டு வினாக்கள்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வினா இரண்டானாலும் அளவுகோல் ஒன்றுதான்.

கேள்வி: சந்தேகம் வந்தால் பலன் தேர்வு நடத்தியவருக்கே என்று தீர்ப்பு இருக்கிறதாமே. தவறு செய்தவருக்கே சலுகையா? இதை எப்படி ஏற்கிறீர்கள்?

பதில்: உச்ச நீதிமன்றத்தின் ரண் விஜய் சிங் தீர்ப்பைச் சொல்கிறீர்கள். உத்தரப் பிரதேசத்தில் 2009-ல் வெளிவந்த ஆசிரியர் பணி அறிவிக்கை 2017 டிசம்பர் வரை வழக்கில் இழுபட்டது. அத்தனை ஆண்டுகளும் காத்திருந்த மற்ற தேர்வர்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஒரு மதிப்பெண் ஏறினால் தரவரிசையில் இன்னொருவர் இறங்குவார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பாட வல்லுநர்களே முரண்படும் இடத்தில் நீதிபதி எதை வைத்து முடிவு செய்வார்?

அதே கேள்வியாளர்: அப்படியானால் தேர்வாணையத்தைக் கேட்க ஆளே இல்லையா?

பதில்: இருக்கிறது நீதிமன்றம். மதிப்பெண்ணை விட்டு, நடந்த முறையைக் கேளுங்கள். அறிவிக்கையை மீறினார்களா, இடஒதுக்கீட்டைத் தவறாகக் கணக்கிட்டார்களா, ஆட்சேபங்களை வல்லுநர் குழு பார்க்கவே இல்லையா? இவை சமத்துவத்தையும் அரசு வேலையில் சம வாய்ப்பையும் தரும் அரசியலமைப்பின் 14, 16-வது பிரிவுகளைத் தொடும் கேள்விகள். நீதிமன்றம் கண்டிப்பாகக் கேட்க வேண்டிய இடமும் இதுதான். விடை விவாதத்தில் ஆற்றலைச் செலவழித்து, ஜெயிக்கக்கூடிய முறைகேட்டைக் கோட்டைவிடும் மனுக்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

கேள்வி: தேர்வு எழுதிய பிறகு நேர்காணலுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்துவிட்டார்கள். செல்லுமா?

பதில்: இது வலுவான வழக்காகலாம். உச்ச நீதிமன்றத்தின் மஞ்சுஸ்ரீ தீர்ப்பு (2008) இதே நிலையில் தேர்வருக்குச் சாதகமானது. தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அந்தத் தீர்ப்பைச் சரி என்றது: விதியோ அறிவிக்கையோ இடம் தராவிட்டால் நடுவில் தகுதி அளவை மாற்றக் கூடாது. விதியில் அந்த அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் தன்னிச்சையாகப் பயன்படுத்த முடியாது.

கேள்வி: தேர்வானோர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, பணி நியமனம் இல்லை.

பதில்: பெயர் வந்ததாலேயே வேலைக்கு உரிமை பிறக்காது, உச்ச நீதிமன்றத்தின் சங்கர்சன் தாஷ் தீர்ப்பு (1991) அப்படித்தான் சொல்கிறது. காரணமே இல்லாமல் காலியிடத்தை நிரப்ப மறுத்தால் மட்டும் கேட்கலாம்.

கேள்வி: மத்திய அரசுப் பணிக்கான தேர்வு என்றால்?

பதில்: முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். நேராக உயர் நீதிமன்றம் போகாதீர்கள்.

கேள்வி: விடைக்குறிப்பு தவறு என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்...

பதில்: நண்பர்கள் போதாது. பாடநூலும் பக்க எண்ணும் வேண்டும்.

கேள்வி: முடிவு வந்து ஓராண்டு ஆகிவிட்டது. இப்போது போடலாமா?

பதில்: ரிட் மனுவுக்குக் காலக்கெடு எழுதப்படவில்லை. ஆனால் தாமதமே உங்களை வீழ்த்தும். பணியில் சேர்ந்துவிட்டவர்களை நீதிமன்றம் எளிதில் கலைக்காது. இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்: பட்டியலை எதிர்க்கிறீர்கள் என்றால் தேர்வானவர்களில் சிலரையாவது எதிர்மனுதாரராகச் சேருங்கள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் வேலையைப் பறிக்கச் சொல்லும் மனு அந்த ஒரு குறையாலேயே தள்ளுபடியாகலாம்.