பூனையோடு பறக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்களுடையது நான்கு பேர் அமரும் ஒற்றை என்ஜின் விமானம். பூனையை முதல்முறையாக அழைத்துப்போகப் போகிறோம். வீட்டில் எந்நேரமும் மடியில்தான் கிடக்கும். விமானத்திலும் மடியிலேயே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பயந்த பூனை இருட்டான இடுக்கைத் தேடி ஓடும். சிறிய விமானத்தில் அப்படிப்பட்ட இடுக்கு விமானியின் காலடியில், வால் பக்கத் துடுப்பைத் திருப்பும் ரட்டர் பெடல்களுக்குப் பின்னால் இருக்கிறது. தரையிறங்கும் நேரத்தில் பூனை அங்கே புகுந்தால் பெடல் அழுந்தாது. அதை இழுக்க விமானி குனிந்தால் விமானத்தை யார் பார்ப்பது? வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் ஓர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தும்வரை பூனைப்பெட்டி மூடியே இருக்கட்டும். எவ்வளவு கத்தினாலும் இதில் மட்டும் இளகிவிடாதீர்கள்.

பெட்டி கெட்டியான பிளாஸ்டிக்கில் இருப்பது நல்லது. பூனை எழுந்து நின்று திரும்பும் அளவு இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் குலுக்கலில் உள்ளேயே சறுக்கி அடிபடும். பின் இருக்கையில் வைத்து, பெல்ட்டைப் பெட்டியின் உடலைச் சுற்றிப் போட்டு இறுக்குங்கள். கைப்பிடிக்குள் மட்டும் பெல்ட்டை நுழைப்பவர்கள் நிறைய பேர். கைப்பிடி தூக்குவதற்காகச் செய்தது, அதிர்ச்சியைத் தாங்காது. ஐந்து கிலோ பூனை, இரண்டு கிலோ பெட்டி, மொத்தம் ஏழு கிலோ. விமானம் தரையில் மோதி நிற்கும்போது புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு விசை முன்னோக்கி வந்தால் அது 63 கிலோ எடை போலாகி உங்கள் முதுகில் வந்து இடிக்கும்.

விமானிக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் அங்கே வைக்காதீர்கள். இரட்டைக் கட்டுப்பாடு உள்ள விமானத்தில் விமானத்தை ஓட்டும் கைப்பிடி அந்தப் பக்கத்திலும் இருக்கும், விமானியுடையதோடு சேர்ந்தே முன்னும் பின்னும் நகரும். பெட்டி அதைத் தடுக்கும். காந்தப் பூட்டு வைத்த பெட்டியாக இருந்தால் திசைகாட்டியின் முள்ளும் பிசகும். பின்புறச் சாமான் அறையும் சரியான இடமில்லை. பல விமானங்களில் அங்கே காற்றோட்டம் குறைவு, கையும் எட்டாது. ஏழு கிலோதானே என்று விட்டுவிடாமல் எடை, சமநிலைக் கணக்கில் அதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஏறும்போது சும்மா இருக்கும் எங்கள் பூனை, இறங்கும்போது தலையை உதறிக்கொண்டு அலறுகிறது. ஏன்?

பதில்: காது வலிக்கிறது. உயரம் ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று விரிந்து தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடுகிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் அப்போது தானாகத் திறக்காது, எச்சில் விழுங்கினால்தான் திறக்கும். நாம் தெரிந்து விழுங்குகிறோம். பூனையிடம் சொல்ல முடியாது.

ஆகவே இறங்கும் வேகத்தைக் குறையுங்கள். நமக்கு நிமிடத்துக்கு 500 அடி சிரமமில்லை. பூனை இருந்தால் 300 அடி வையுங்கள். 6,500 அடியிலிருந்து 1,500 அடிக்கு வர ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் போகிறீர்கள் என்றால் சுமார் 34 கடல் மைல் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் கடைசி நேரத்தில் சரசரவென்று இறங்க வேண்டியிருக்காது.

விமானி அல்லாத ஒருவர் கூட இருந்தால், இறங்கும்போது பூனைக்குப் பிடித்த கூழ்த் தீனியைக் கம்பிக் கதவின் இடைவெளி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கக் கொடுக்கலாம். நக்கினால் விழுங்கும், விழுங்கினால் காது திறக்கும். சளியோ காதில் சீழோ இருக்கும் பூனையை அந்த வாரம் அழைத்துப்போகாதீர்கள். இறங்கிய பிறகும் தலையைச் சாய்த்தபடி தள்ளாடி நடந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எவ்வளவு உயரம் வரை போகலாம்?

பதில்: 8,000 அடியை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். தட்டை மூக்குள்ள பாரசீகப் பூனைக்கும் இதய நோயுள்ள பூனைக்கும் அதுவே அதிகம். மருத்துவர் சரி என்று சொன்னால் மட்டும், இன்னும் தாழ்வாகப் பறந்து கொண்டுபோங்கள். தாழ்வாகப் பறந்தால் வெக்கையும் குலுக்கலும் கூடும் என்பதும் உண்மை. மேலே ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 2 டிகிரி வெப்பம் குறையும், பகலேறத் தரைச்சூடு கிளப்பும் காற்று விமானத்தை ஆட்டும். அதனால் அதிகாலையில் கிளம்புவதே நல்லது.

கேள்வி: தூக்க மருந்து கொடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே?

பதில்: ஏசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தைப் பறக்கும் பூனைக்குக் கொடுப்பது ஆபத்து. இரத்த அழுத்தம் இறங்கும், உடல் தன் சூட்டைச் சீராக வைத்துக்கொள்ள முடியாமல் போகும். பூனை அசையாமல் கிடப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுவோம், பயம் உள்ளே அப்படியே இருக்கும். பயணப் பதற்றத்துக்கு இப்போது மருத்துவர்கள் பெரும்பாலும் காபாபென்டின் எழுதுகிறார்கள். கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் பூனையைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் முறை வீட்டிலேயே, பயணம் இல்லாத நாளில் கொடுத்துப் பாருங்கள். சில பூனைகளுக்குக் கால் தள்ளாடும். வாந்தி எடுக்கும் பூனைக்கு மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது, அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

கேள்வி: நாய்களுக்கு விற்கும் காதுமூடி பூனைக்கும் போடலாமா?

பதில்: பெரும்பாலான பூனைகள் இரண்டே நிமிடத்தில் காலால் தள்ளிவிடும். சத்தம் உண்மையிலேயே பெரிய தொல்லைதான். சிறிய விமானத்தின் உள்ளே 90 டெசிபல் சாதாரணம். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனையின் காது 60,000க்கும் மேலே கேட்கும். பெட்டிக்கு அடியில் ஓர் அங்குல ஸ்பாஞ்ச் போடுங்கள், அதிர்வு குறையும். மூன்று பக்கமும் தடித்த போர்வையால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பழக்குவதும் அவசியம். இரண்டு வாரம் வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்து அதிலேயே உணவு கொடுங்கள். பிறகு காரில் சிறு பயணம், அதன்பின் என்ஜின் ஓடாத விமானத்தில் சற்று நேரம், கடைசியாக இருபது நிமிடப் பறத்தல்.

கேள்வி: சாப்பாடு, சிறுநீர்?

பதில்: வளர்ந்த பூனைக்குப் பறப்பதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக்கூடாது. பெட்டிக்குள் உறிஞ்சும் பேட் ஒன்று விரியுங்கள், மாற்ற இன்னொன்று இருக்கட்டும். நீண்ட பயணத்தில் இடையில் இறங்கினால், ஒரு மூடிய அறைக்குள் மண் தட்டை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள். ஓடுதளத்தருகே, வெட்டவெளியில் ஒருபோதும் திறக்காதீர்கள்.

கேள்வி: பறக்கும்போது எதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்?

பதில்: மூச்சை. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது நாயின் இரைப்பு மாதிரி சாதாரண விஷயமில்லை. குளிர்ந்த காற்றைத் திருப்பிவிட்டு, உயரத்தைக் குறைத்து, அருகிலிருக்கும் விமான நிலையத்தில் இறங்குங்கள். வெயிலில் நிற்கும் விமானம் சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும் என்பதால் பூனையைக் கடைசியாக ஏற்றி, முதலில் இறக்குங்கள். இரண்டுமே என்ஜினும் விமானத்தின் சுழல்விசிறியும் முழுதாக நின்றிருக்கும்போதுதான்.

ஹீட்டர் போடுபவர்களுக்கு ஒன்று. பிஸ்டன் என்ஜின் விமானங்கள் பலவற்றில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறையில்தான் காற்று சூடாகிறது. குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமில்லை. வேகமாக மூச்சு விடும் சிறிய உடம்பை அது முதலில் தாக்கும். சூடான காற்று வரும் துவாரத்தின் எதிரே பெட்டியை வைக்காதீர்கள், ஒலி எழுப்பும் கண்டறியும் கருவி ஒன்றையும் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: சொந்த விமானத்தில் வேறு நாட்டுக்குப் போனால் பூனைக்குத் தாள்கள் வேண்டுமா?

பதில்: வேண்டும். சொந்த விமானம் என்பதால் விலக்கு கிடையாது. பெரும்பாலான நாடுகள் மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மருத்துவச் சான்று மூன்றையும் கேட்கும். சிப் போட்ட பிறகே ஊசி போட வேண்டும் என்பதும், முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் பல நாடுகளின் விதி. சில நாடுகளில் விலங்குகளைக் குறிப்பிட்ட விமான நிலையங்கள் வழியாக மட்டுமே கொண்டுவரலாம். ஆகவே எங்கே இறங்குவது என்று தீர்மானிப்பதற்கு முன்பே அந்த நாட்டின் கால்நடைத் துறைக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.