ஜப்பானா, கொரியாவா: குழந்தைகள் எங்கே வேகமாகக் குறைகிறார்கள்?

ஜப்பான், தென்கொரியா மக்கள்தொகை பற்றிப் போன வாரம் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்த நாட்டில் குழந்தைகள் அதிகம் குறையப் போகிறார்கள்?

எண்ணிக்கையில் ஜப்பான், வேகத்தில் கொரியா. ஜப்பான் அரசின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் 2023-ல் போட்ட கணக்குப்படி, 14 வயது வரை உள்ளவர்கள் 2020-ல் 1 கோடியே 50 லட்சம். 2070-ல் 80 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. கிட்டத்தட்ட பாதி. கொரியப் புள்ளியியல் துறையின் கணக்கில் 2022-ல் 59.5 லட்சம், 2072-ல் 23.8 லட்சம். பத்துக் குழந்தை இருந்த இடத்தில் நாலு.

கேள்வி: ஐம்பது வருஷம் கழித்து நடப்பதை யார் கண்டது?

நியாயம்தான். அப்படியானால் நடந்து முடிந்ததையே பாருங்கள். சின்னக் குழந்தைகளின் கணக்குக்கு ஐந்தைந்து ஆண்டுப் பிறப்புகளைக் கூட்டினாலே போதும். ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். கொரியாவில் 2015 முதல் 2019 வரை பிறந்தவர்கள் சுமார் 18.3 லட்சம்; அடுத்த ஐந்து ஆண்டில் 12.5 லட்சம். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஜப்பானில் அதே கணக்கு 47 லட்சத்திலிருந்து 38 லட்சம், ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 2022-ல் பிறக்காத பிள்ளை 2029-ல் பள்ளியில் சேரப் போவதில்லை. இதற்கு ஜோசியம் தேவையில்லை. கொரியாவில் 2013-ல் 43,000-க்கு மேல் இருந்த குழந்தைகள் காப்பகங்கள் பத்தே வருஷத்தில் 29,000-க்குக் கீழே வந்துவிட்டன.

கேள்வி: இரண்டு கணிப்பில் எதை அதிகம் நம்பலாம்?

கடைசி எண்ணைப் பார்க்காதீர்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள் என்று பாருங்கள். ஜப்பான் நீண்ட காலத்துக்கு 1.36 என்று வைத்துக்கொண்டது. 2024-ல் வந்ததோ 1.15. அந்த ஆண்டு பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் கீழே. இந்த நிலை 2030-களின் கடைசியில்தான் வரும் என்று எழுதி வைத்திருந்தார்கள். கொரியா 2025-ல் 0.65 வரை இறங்கி, 2050-ல் 1.08-க்கு ஏறும் என்கிறது. 2024-ல் 0.75 வந்தது, பயந்த அளவு மோசமில்லை. ஆனால் 1.08-க்கு ஏறும் என்ற பகுதியை நான் ஆசையாகத்தான் பார்க்கிறேன், கணக்காக அல்ல.

கேள்வி: கொரியாவில் பிறப்பு ஏற ஆரம்பித்துவிட்டதாமே? அப்புறம் என்ன கவலை?

ஏறியது உண்மை: 2023-ல் 2.30 லட்சம், 2024-ல் 2.38 லட்சம். கல்யாணங்களும் ஒரே வருஷத்தில் சுமார் 15 சதவீதம் கூடின. கொரோனா காலத்தில் தள்ளிப்போட்டவை ஒரு பக்கம். பெரிய காரணம் வேறு. 1990-களின் முதல் பாதியில் அங்கே ஆண்டுக்கு 7 லட்சம் பேர் பிறந்தார்கள்; அவர்களுக்கு இப்போதுதான் முப்பது தாண்டுகிறது. கல்யாண வயதில் ஆள் அதிகம், அதனால் குழந்தையும் கொஞ்சம் அதிகம். 2002-ல் பிறந்தவர்களோ 5 லட்சம்கூட இல்லை. அவர்கள் முப்பதைத் தொடும்போது என்ன ஆகும்?

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண் பிள்ளை வேண்டும் என்று ஸ்கேன் பார்த்துக் கலைத்த காலம் அது. 1990-ல் 100 பெண் குழந்தைக்கு 116.5 ஆண் குழந்தை பிறந்தது. ஏழு லட்சம் என்று சொன்னேனே, அதிலேயே வருங்காலத் தாய்மார்கள் பாதிக்கும் குறைவு. ஜப்பானுக்கு இந்தச் சுமை இல்லை.

கேள்வி: பணம் கொடுத்தால் சரியாகாதா?

கொடுக்கிறார்கள். கொரியாவில் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மாதம் 10 லட்சம் வோன். கல்யாணமே தள்ளிப்போகும்போது இது பாதி வழிதான் போகும். கல்யாணம் இல்லையென்றால் குழந்தையும் இல்லை: ஜப்பானில் கல்யாணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. அங்கே போனால் இது கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும் டீச்சர். ஜப்பானின் ஷிகோகு தீவில் நகோரோ என்ற மலைக் கிராமம். அங்கே பள்ளி 2012-ல் மூடப்பட்டது. இப்போது வகுப்பறை பெஞ்சுகளில் ஆளுயரத் துணிப் பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன, கரும்பலகை பக்கம் ஒரு வாத்தியார் பொம்மை. ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் தைத்து வைத்தவை. கடைத்தெருவிலும் காணலாம்: ஓஜி என்ற பெரிய காகித நிறுவனம் ஜப்பானில் குழந்தைகளுக்கான டயப்பர் செய்வதை 2024-ல் நிறுத்திவிட்டு, பெரியவர்களுக்கான டயப்பர் பக்கம் திரும்பிவிட்டது.

கேள்வி: 'தீக்குதிரை' வருஷம் என்று ஏதோ படித்தேன். மூடநம்பிக்கைக்கு அவ்வளவு சக்தியா?

நம் பிரபவ, விபவ மாதிரி ஜப்பானிலும் 60 வருஷச் சுழற்சி உண்டு. அதில் தீக்குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். 1965-ல் 18.2 லட்சமாக இருந்த பிறப்பு 1966-ல் 13.6 லட்சமாக விழுந்தது. 1967-ல் 19 லட்சத்தைத் தாண்டியது. அந்த 1966-ன் சராசரி 1.58. எந்த ஜாதக பயமும் இல்லாமலே 1989-ல் 1.57 வந்தபோதுதான் ஜப்பான் விழித்துக்கொண்டது. அடுத்த தீக்குதிரை 2026.