1992–2006 ஹேண்ட்பால் கோப்பையை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது?

வணக்கம். 1992 முதல் 2006 வரை ஹேண்ட்பால் கோப்பை வென்ற அணிகளை செர்பியக் கோப்பையின் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சேர்க்க வேண்டாம். செர்பியாவும் மாண்டினிக்ரோவும் இணைந்து, 2003 வரை யூகோஸ்லாவியக் கூட்டாட்சிக் குடியரசு என்றும் பிறகு செர்பியா-மாண்டினிக்ரோ என்றும் பெயர் தாங்கியிருந்த நாட்டின் கோப்பை அது. 2006 ஜூனில் மாண்டினிக்ரோ தனி நாடானதோடு அதன் ஆயுளும் முடிந்தது. போட்கோரிட்சாவின் புதுச்னோஸ்ட் மகளிர் அணி அதைப் பலமுறை வென்றிருக்கிறது; செர்பியா என்று தலைப்பிட்டால் மாண்டினிக்ரோ தலைநகரின் அந்த வெற்றிகளை எங்கே வைப்பீர்கள்?

1992-க்கு முந்தைய, ஆறு குடியரசுகள் சேர்ந்திருந்த பழைய யூகோஸ்லாவியாவின் கோப்பையையும் இதோடு ஒட்டிவிடாதீர்கள். 1985, 1986 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற சாபாட்ஸ் நகரின் மெட்டலோபிளாஸ்டிகா, உள்நாட்டில் அந்த ஆறு குடியரசுகளின் அணிகளோடு மோதிய காலம் அது. களம் அவ்வளவு பெரியது.

தொடக்க ஆண்டுகளுக்கு நேராக ஐரோப்பியப் போட்டிகளுக்கான கட்டம் காலியாக இருப்பதைத் தரவுப் பிழை என்று எண்ணியிருந்தீர்கள். அது பிழையன்று. 1992 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை யூகோஸ்லாவியக் கூட்டாட்சிக் குடியரசின் மீது விதித்த தடை விளையாட்டையும் உள்ளடக்கியிருந்ததால், கோப்பை வென்ற அணிக்கும் வெளியே ஆடும் வழி அடைபட்டிருந்தது. அந்தக் கட்டத்தில் ‘தடை’ என்றே எழுதுங்கள்.