வாசகர் கேள்வி–பதில்: மேடையில் தொழிலாளி, வீட்டில் முதலாளியின் மகள்

கேள்வி: நான் ஒரு தனியார் பள்ளியில் 11-ஆம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஆண்டு விழாவில், விக்டர் ஹ்யூகோவின் ‘ஏழை படும் பாடு’ கதையை ஒட்டிய ஆங்கில இசை நாடகத்தின் பள்ளிப் பதிப்பை மேடையேற்றினோம். வேலையிலிருந்து துரத்தப்பட்டு, குழந்தைக்காகத் தன் தலைமுடியையும் விற்கும் ஃபான்டின் என்ற பெண்ணாக நான் பாடி நடித்தேன். பார்த்தவர்கள் பலர் அழுதார்கள்; என் அப்பாவும் அழுதார். அப்பா பனியன் கம்பெனி நடத்துகிறார். மறுநாள் காலை, சாப்பாட்டுத் தூக்குடன் கம்பெனிக்குள் போய்க்கொண்டிருந்த அக்காக்களை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களுடைய துன்பத்தைப் பாடிக் கைதட்டல் வாங்க எனக்கு உரிமை உண்டா? நான் நடித்தது பொய்யா? என் அப்பா நல்லவர், யாரையும் கடிந்து பேசி நான் பார்த்ததில்லை. ஆனாலும் மனம் சமாதானமாகவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, திருப்பூர்

பதில்: நடிப்பதற்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு என் பதில், உண்டு என்பதுதான். பட்டினி கிடந்தவர் மட்டுமே பட்டினியைப் பாட வேண்டும் என்றால் நாடகம் என்ற கலையே இருக்க முடியாது. நீங்கள் ஃபான்டினின் துயரத்தைச் சொந்தம் கொண்டாடவில்லை. அவளுக்கு உங்கள் குரலைக் கடன் கொடுத்தீர்கள். அது பொய் ஆகாது. உங்கள் மனம் சமாதானமாகாததற்குக் காரணம் நடிப்பில் இல்லை என்றே நினைக்கிறேன். அந்தக் கதை உங்கள் வீட்டுக்கு எவ்வளவு அருகில் நடக்கிறது என்பதை உங்கள் மனம் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறது.

ஃபான்டின் வேலை இழந்தது யாருடைய ஆலையில் என்பதை நினைத்துப் பாருங்கள். அது ஒரு கொடியவனின் ஆலை அல்ல. கதையின் நாயகன் ஜான் வல்ஜான், சிறையிலிருந்து வந்த பிறகு மதலேன் என்ற பெயரில் புது வாழ்வு தொடங்கி, கறுப்புக் கண்ணாடி மணிகள் செய்யும் தொழிலால் ஒரு சிற்றூரையே வாழவைத்து, அவ்வூரின் மேயராகவும் ஆன காலத்தில் நடத்திய ஆலை அது. 1862-இல் வெளியான நாவலில் ஹ்யூகோ இந்தப் பகுதியை மிகுந்த கவனத்தோடு எழுதியிருக்கிறார். மதலேன் பசித்தவர்க்கு வேலை கொடுத்தார், மருத்துவமனைக்குப் படுக்கைகள் கொடுத்தார், பள்ளி கட்டினார். பெண்களின் மானம் காக்கப்பட வேண்டும் என்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பட்டறைகள் அமைத்தார். பெண்கள் பட்டறையின் பொறுப்பை ஒரு மேற்பார்வையாளரிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டு, அந்தப் பக்கம் அவர் போவதே அரிதாக இருந்தது. ஃபான்டினுக்கு மணமாகாமல் பிறந்த குழந்தை ஒன்று இருப்பது தெரிந்ததும், அந்த மேற்பார்வையாளர் மேயர் கொடுத்ததாகச் சொல்லி 50 ஃபிராங்கைக் கையில் கொடுத்து அவளை அனுப்பிவிட்டார். மேயருக்கு அது தெரியவே தெரியாது. மேயர்தான் தன்னைத் துரத்தினார் என்று நம்பி அவள் அவரை வெறுத்தாள்.

நீங்கள் நடித்த இசை நாடகத்தில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. ஆலையின் ஃபோர்மன் ஃபான்டினைத் தன் இச்சைக்கு இணங்கவைக்கப் பார்க்கிறான்; அவள் மறுக்கிறாள். கூட வேலை செய்யும் பெண்கள் அவளுக்கு வந்த கடிதத்தைப் பிடுங்கிப் படித்து வம்பு இழுக்கிறார்கள். சண்டை மூண்டதும் முதலாளி வருகிறார், இருவரையும் விலக்கிவிடுகிறார், பொறுமையாக விசாரித்து முடித்துவை என்று அந்த ஃபோர்மனிடமே சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு நிமிடத்திற்கும் குறைவாக மேடையில் நடக்கும் இந்தச் செயலிலிருந்துதான் அவளுடைய தலைமுடியும் பல்லும் உடலும் விற்கப்படுவது வரை எல்லாம் தொடங்குகின்றன. முதலாளி நல்லவர்தான், ஆனால் அந்த ஒரு நிமிடம் அவர் நின்று கேட்கவில்லை. வர்க்கங்களுக்கு இடையே இருக்கும் தூரத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் அறியேன். கொடுமைக்காரர்கள் இல்லாத இடத்திலும் அந்தத் தூரம் இருக்கும். நல்லவர்கள் அதைத் தாண்டி வந்து பார்க்காதவரை அது அப்படியே இருக்கும்.

உங்கள் அப்பா நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் முழுமையாக நம்புகிறேன். அதனால்தான் அவருடைய நல்ல குணத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு வேறு கேள்விகளை அவரிடம் கேளுங்கள் என்கிறேன். கம்பெனியில் ஒரு டெய்லரையோ, செக்கிங் பெண்ணையோ, கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வேலை செய்யும் சிறு பெண்ணையோ நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அப்படிச் சொன்னால் அது அப்பாவின் காதுக்கு வருமா? சூப்பர்வைசர் மீதே புகார் என்றால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? ஆட்களைக் கூட்டிவரும் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்பவர்களும் இந்தக் கணக்கில் வருகிறார்களா? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், பெண் ஒருவரின் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. உங்கள் கம்பெனியில் அந்தக் குழுவின் உறுப்பினர்கள் யார் என்று அந்த அக்காக்களுக்குத் தெரியுமா என்பதை நீங்களே விசாரித்துப் பார்க்கலாம்.

இது பிரெஞ்சு நாட்டின் பழங்கதை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதைத் தொடர்ந்து பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்றும், ஆலை நிறுவனமும், அங்கிருந்து ஆடை வாங்கிய வெளிநாட்டு நிறுவனங்களும் 2022-இல் கையெழுத்திட்ட உடன்பாடுதான் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ எனப்படுகிறது. தையல் வரிசையில் இருக்கும் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, தொல்லைகளைக் கண்காணிக்கவும் எடுத்துச் சொல்லவும் பொறுப்புக் கொடுத்தது அதன் முக்கியமான ஏற்பாடு. மேலே இருப்பவர் இரக்கப்பட்டுக் கொடுப்பதற்கும், கீழே இருப்பவர் தயங்காமல் கேட்கக்கூடிய வழி இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அதில் பார்க்கலாம்.

நடிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நீங்கள் மறுபடியும் பாடுவீர்கள் என்று நம்புகிறேன். ஃபான்டினை இரக்கத்திற்காகக் கையேந்தும் பெண்ணாகப் பாடாதீர்கள். நாவலில் அவள் தன் முடியை 10 ஃபிராங்குக்கு விற்று, அந்தப் பணத்தில் மகள் கோசெட்டுக்குப் பின்னலாடைப் பாவாடை ஒன்று வாங்கி அனுப்புகிறாள். குழந்தையை வைத்திருக்கும் விடுதிக்காரர்களோ, பணமாக வரவில்லையே என்று எரிச்சலடைந்து, அதைத் தங்கள் மகளுக்கு உடுத்திவிடுகிறார்கள். திருப்பூரில் வளர்ந்த உங்களுக்கு ஒரு பின்னலாடை எத்தனை கைகள் மாறி உருவாகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாவாடையை வாங்கும்போது அவள் கணக்குப் போட்டிருப்பாள், பேரம் பேசியிருப்பாள், மகள் இனிக் குளிரில் நடுங்கமாட்டாள் என்று மகிழ்ந்தும் இருப்பாள். ஹ்யூகோ அந்த மகிழ்ச்சியையும் எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்துப் பாடினால் பார்ப்பவர்கள் அழுதுவிட்டு எழுந்து போவதோடு நில்லாமல், இவளுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று கோபமும் கொள்வார்கள்.

மீண்டும் மேடையேற்றும் வாய்ப்பு வந்தால், கம்பெனி அக்காக்களில் வர விரும்புகிறவர்களுக்கு முன்வரிசையில் இடம் தரச் சொல்லி அப்பாவிடமும் பள்ளியிடமும் கேளுங்கள். அழைத்து வந்து பின்னால் நிற்கவைப்பதாக இருந்தால் அழைக்கவே வேண்டாம். ஆங்கிலப் பாட்டு அவர்களுக்கு எப்படிப் புரியும் என்று யாராவது கேட்டால், கதைச் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம். அதை நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: என் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். கட்டணச் சலுகையில் ஒரு பெரிய பள்ளியில் 10-ஆம் வகுப்பு படிக்கிறேன். பணக்காரர், ஏழை வேறுபாட்டைப் பற்றிய இசை நாடகம் ஒன்றை எங்கள் பள்ளியில் போட்டார்கள். நான் நன்றாகப் பாடுவேன் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எனக்குப் பிச்சைக்காரர் கூட்டத்தில்தான் இடம் கிடைத்தது. ‘உனக்கு மேக்கப்பே வேண்டாம், அப்படியே பொருத்தமாக இருக்கிறாய்’ என்று பொறுப்பாசிரியர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். உடைக்கு என்று வாங்கிய தொகையும் எங்களுக்குப் பாரமாகிவிட்டது. நாடகத்தில் பாடிய சமத்துவம் எல்லாம் எனக்குக் கசக்கிறது.
– ஒரு மாணவர், சென்னை

பதில்: தம்பி, உங்களுக்கு நேர்ந்தது அநீதி. வேடிக்கையாகச் சொன்னார்கள் என்று அதை யாரும் சிறிதாக்க நான் இடம் தரமாட்டேன். சமத்துவத்தைப் பாட்டில் வைத்துவிட்டு, வேடம் பிரிக்கும்போது நிறத்தையும் சட்டையையும் பார்ப்பவர்கள் தாங்கள் எடுத்துக்கொண்ட நாடகத்தைப் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

தமிழ் மேடையின் வரலாறு உங்கள் பக்கம் நிற்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்திலும், அதைச் சுற்றித் தோன்றிய பாய்ஸ் கம்பெனிகள் என்ற சிறுவர் நாடகக் குழுக்களிலும், சேர்ந்த சிறுவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அடுப்பெரியாதவர்கள். எம்.ஜி.ஆர். தம் அண்ணனோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததும் குடும்பத்தின் வறுமையால்தான். அந்தச் சிறுவர்களுக்கு ராஜபார்ட் கொடுப்பதா, ஸ்திரீபார்ட் கொடுப்பதா என்பதைச் சாரீரமும் ஞாபக சக்தியும் முகபாவமும் தீர்மானித்தன, தகப்பனாரின் வருமானம் தீர்மானிக்கவில்லை. அந்தக் கம்பெனிகளிலும் அடியும் பசியும் இருந்தன, அவற்றைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை அரிச்சந்திரனாகவும் கோவலனாகவும் நின்று பாடியதை ஊரே விழித்திருந்து கேட்டது. 1950-இல் கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோ ‘ஏழை படும் பாடு’ கதையைப் படமாக்கியபோது, இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்த வேடமே பெயரோடு சேர்ந்து ஜாவர் சீதாராமன் என்று ஆயிற்று. வேடம் ஒருவரோடு ஒட்டிக்கொள்வதென்றால் இப்படித் திறமையால் ஒட்ட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது என்ன? அந்த ஆசிரியரிடம் தனியாகப் போக வேண்டாம். உங்கள் பாட்டை அறிந்த இசை ஆசிரியரையோ வகுப்பாசிரியரையோ உடன் வைத்துக்கொண்டு, அந்தச் சொல் உங்களைப் புண்படுத்தியது என்பதையும், அடுத்த முறை எல்லோரும் ஒரே பாட்டைப் பாடிக்காட்டிய பிறகே வேடம் பிரிக்க வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். உடைச் செலவைப் பற்றி அப்பாவோ அம்மாவோ பெற்றோர் கூட்டத்தில் கேட்கட்டும். கேட்கத் தயங்கும் வேறு பெற்றோர்களும் அங்கே நிச்சயம் இருப்பார்கள். உங்கள் வயதில் மகரக்கட்டு வரும், குரல் உடைந்து தடுமாறும். அதைக் கண்டு பாட்டை நிறுத்திவிடாதீர்கள். கத்திப் பாடாமல், தாழ்ந்த சுருதியில் நாள்தோறும் சிறிது நேரம் பாடிவாருங்கள்.

கேள்வி: ‘ஏழை படும் பாடு’ இசை நாடகத்தில் என் மகன் தெருவில் தடுப்பு எழுப்பிப் போராடும் மாணவர்களில் ஒருவனாக நடித்தான். அது 1789-ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சி என்று எல்லோரிடமும் சொல்கிறான். சரியா? அன்றிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைக்கக் கூடாது என்று என்னோடு சண்டையும் போடுகிறான்.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: இரண்டாவது விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதே சரி, இன்றே அந்த டம்ளரை எடுத்துவிடுங்கள்.

முதல் விஷயத்தில் அவனைத் திருத்த வேண்டும். நாடகத்தில் வருவது 1832-ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆகிய இரு நாட்களில் பாரிசில் நடந்த எழுச்சி. அந்த வசந்த காலத்தில் பரவிய காலராவில் பாரிசில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் சாவு அதிகமாக இருந்தது. மக்களின் அன்பைப் பெற்றிருந்த தளபதி லமார்க்கும் அதே நோயால் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் தொடங்கிய எழுச்சியை மன்னர் லூயி பிலிப்பின் படை மறுநாளே அடக்கிவிட்டது. அந்த நாட்களில் ஹ்யூகோ பாரிசில் இருந்தார், துப்பாக்கிச் சண்டைக்கு நடுவிலும் சிக்கிக்கொண்டார்.

மாணவர்களின் தலைவனாக வரும் ஆன்ஜோல்ரா நாவலில் ஒரு செல்வந்தர் வீட்டின் ஒரே மகன். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஃபெய்யி என்று ஒருவன் இருக்கிறான்: தாய் தந்தை இல்லாதவன், விசிறி செய்யும் தொழிலாளி, நாளொன்றுக்கு 3 ஃபிராங்க் சம்பாதிக்கப் பாடுபடுகிறவன், எழுதப் படிக்கத் தானே கற்றுக்கொண்டவன். மேடையில் அவனுக்குக் கிடைக்கும் வரிகள் மிகச் சில. சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கம் நூலகத்தில் கிடைத்தால் உங்கள் மகனுக்கு எடுத்துக் கொடுங்கள். ஆங்கிலத்தில் முழு நாவலையும் படிக்க அவனால் முடியுமானால், ஃபெய்யி அறிமுகமாகும் பகுதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.