இலக்குச் சுடுதலுக்கு எந்தத் தோட்டா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், தற்காப்புக்கென உரிமம் பெற்ற 9 மி.மீ. கைத்துப்பாக்கி தம்மிடம் இருப்பதாகவும், வார இறுதிகளில் இலக்குச் சுடப் பழகுவதற்கு அது போதுமா, பாயிண்ட் 22 (குழாயின் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) துப்பாக்கி ஒன்றும் வாங்க வேண்டுமா என்றும் கேட்கிறார்.

சட்டத்தில் இதற்குத் தடையில்லை. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தற்காப்பு உரிமம் பெற்ற துப்பாக்கியையும் பாதுகாப்பான இடத்தில், சட்டத்துக்கு உட்பட்ட நோக்கத்துக்குப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஆயினும் பழகுவதற்குப் பாயிண்ட் 22 லாங் ரைபிள் தோட்டாவையே நான் பரிந்துரைப்பேன். பெயரில் ‘ரைபிள்’ இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஒலிம்பிக் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் சுடப்படுவதும் இதுதான். இதன் குண்டு பெரும்பாலும் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம், 9 மி.மீ. குண்டோ 115 முதல் 147 கிரெயின் வரை இருப்பதால், கையில் விழும் உதை பன்மடங்கு மிகும்.

புதியவரைக் கெடுப்பது அந்த உதையைவிட, அதை எதிர்பார்த்து நடுங்கும் மனமே. விசையை அழுத்தும் கணத்தில் கண் இமைக்கிறது, மணிக்கட்டு தாழ்கிறது, வலக்கையரின் குண்டு இலக்கின் இடப்பக்கம் கீழே போய் விழுகிறது. (தீபாவளி வெடிக்கே காதைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.) பயிற்சியாளரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கிடையே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைச் சேர்க்கச் செய்யுங்கள், வெடிக்காத அந்த ஒரு முறையில் குழாயின் முனை சாய்ந்தால் குறை வெளிப்பட்டுவிடும்.

பாயிண்ட் 22 விலை குறைவு. ஆனால் அதன் வெற்றுறையை மீண்டும் நிரப்ப இயலாது, விளிம்பில் அடிபட்டு வெடிப்பதாகையால் சில வேளை வெடிக்காமலும் போகும். அப்போது முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள்.

9 மி.மீ.யிலேயே தொடர்வதானால், எளிதில் கிடைக்கும் 115 கிரெயின் முழு உலோக உறைக் குண்டு போதும்; கை பழகிய பின் 124, 147 ஆகியவற்றைச் சுட்டுப் பாருங்கள். உடலில் பட்டதும் விரியும் குழிமுனைக் குண்டுகளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது காகித இலக்குக்கு வீண். பழைய பாயிண்ட் 38 ரிவால்வர் வைத்திருப்போருக்கு, காகிதத்தில் வட்டமாகத் துளையிடும் 148 கிரெயின் தட்டைமுனைத் தோட்டா உண்டு.

பொதுவாக ஓர் உரிமத் துப்பாக்கிக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில் வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பவை இக்கணக்கில் சேரா. ஆகவே புதிய உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன், சுடுதளத்தின் பாயிண்ட் 22 துப்பாக்கி ஒன்றை இரவல் பெற்று, இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களில் ஐந்தைந்து சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள்.