'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தில் திவ்யா நரேந்திராவாக நடித்தவர் இந்திய வம்சாவளியா?

பெரிதாக இல்லை. 2010இல் வந்த அந்தப் படம், ஃபேஸ்புக்கைத் தொடங்கிப் பெரும் கோடீஸ்வரரான மார்க் ஸக்கர்பெர்க்கைப் பற்றியது. தங்கள் யோசனையைத் திருடிவிட்டதாக அவர்மேல் வழக்குப் போட்ட மூன்று ஹார்வர்ட் மாணவர்களில் ஒருவர் திவ்யா நரேந்திரா. நிஜத்தில் அவர் அமெரிக்காவில் குடியேறிய இந்தியப் பெற்றோரின் மகன். திரையில் அவராக வருபவர் மேக்ஸ் மிங்கெல்லா. அம்மா ஹாங்காங்கில் பிறந்தவர்; பெரும்பாலும் சீன வம்சாவளி, சிறிதளவு இந்தியப் பார்சி வம்சாவளியும் உண்டு. அப்பா இத்தாலிய வம்சாவளி ஆங்கிலேய இயக்குநர்.

மிங்கெல்லா நன்றாகவே நடித்திருக்கிறார். சரி, ஆனால் உண்மைக் கதையிலேயே ஓர் இந்தியருக்கு இடமிருந்தும் அதை இன்னொருவருக்குக் கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நம் முகங்களுக்கு ஹாலிவுட்டில் அப்படி எத்தனை வேடம் கிடைக்கிறது?

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஸக்கர்பெர்க்குடன் சேர்ந்து ஃபேஸ்புக்கைத் தொடங்கிய நண்பன் எட்வர்டோவின் காதலியாக வரும் ஆசிய அமெரிக்கப் பெண்ணைப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் அவன் இன்னும் 'சிங்கிள்' என்றே இருப்பதைக் கேட்டுச் சண்டை போடுகிறாள். அவன் பரிசாகக் கொண்டுவந்த ஸ்கார்ஃபுக்குத் தீ வைக்கிறாள். அவளைப் பற்றி நமக்கு மனதில் நிற்பது அவ்வளவுதான். இத்தனைக்கும் ஸக்கர்பெர்க் 2003இலிருந்தே பழகி 2012இல் மணந்த பிரிசில்லா சானும் ஹார்வர்ட் மாணவிதான், வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த சீன வம்சாவளிக் குடும்பத்து மகள். படத்தில் அவர் வருவதே இல்லை.