கேள்வி-பதில்: ஏஐ ஃபைலுக்குள் ஒரு ஜேபிஜி

கே: ஆன்லைன் தளத்தில் லோகோ போட்டி வைத்து, வந்த 80 லோகோவில் ஒன்றை எடுத்துப் பணமும் கொடுத்துவிட்டேன். போர்டு அடிப்பவர் 'இது வெக்டரே இல்லை' என்கிறார். ஏஐ ஃபைல்தானே (.ai, இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல்) தந்தார்கள்?

ப: ஃபைல் பெயரில் ஏஐ இருந்தால் ஆயிற்றா? இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து கன்ட்ரோல்-ஒய் அழுத்துங்கள். எழுத்தும் உருவமும் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால் வெக்டர், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கெடாத கோட்டுப் படம். வெறும் செவ்வகம் தெரிந்தால் உள்ளே ஒட்டியிருப்பது ஜேபிஜி. பெரிதாக்கினால் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். அரை நிமிட வேலை, பணத்தை விடுவிக்கும் முன் செய்திருக்க வேண்டும். இப்போதாவது எஸ்விஜி (வெக்டர் ஃபைல்), எழுத்துகளை அவுட்லைனாக்கிய (கோட்டு வடிவமாக மாற்றிய) பிடிஎஃப், ஒற்றை நிறப் பிரதி, அச்சு நிறங்களுக்கான சிஎம்ஒய்கே எண்கள் நான்கையும் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் வேறொருவரிடம் புதிதாக வரைந்து வாங்க வேண்டியதுதான். அதற்குத் தனிக் காசு.

கே: பெயர் இன்னும் முடிவாகவில்லை. லோகோவை முதலில் செய்து வைத்துக்கொள்ளலாமா?

ப: வேண்டாம்.

கே: நைக்கி லோகோவுக்கே 35 டாலர்தான் கொடுத்தார்கள். டிசைனர்கள் ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

ப: இந்தக் கதையைச் சொல்லி இன்னும் எத்தனை பேர் வாயை அடைப்பீர்கள்? 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி மணிக்கு 2 டாலர் கணக்கில் வாங்கிய கூலி அது. 1983-இல் நிறுவனம் அவருக்குப் பங்குகளும் கொடுத்தது. உழைத்த நேரத்துக்குக் காசு வந்தது. உங்கள் போட்டியில்? 80 பேர் ஆளுக்கு 2 மணி நேரம் உட்கார்ந்தால் 160 மணி உழைப்பு. கூலி கிடைப்பது ஜெயித்தவரின் 2 மணி நேரத்துக்கு மட்டும். மீதி 158 மணியும் தோற்றவர்கள் கைக்காசு. நாலு முறை தோற்றவர் அடுத்த முறை 20 நிமிடத்தில் முடிப்பார்: பழைய டிசைனில் பெயரை மாற்றுவார், ஆயத்தப் படங்கள் விற்கும் ஸ்டாக் தளத்திலிருந்து ஓர் இலையை உருவுவார். 16 பிக்சல் அளவுக்குச் சிறிதாக்கினால் தெரியுமா, துணியில் தைக்க வருமா என்று யார் கேட்பது? முடி போன்ற கோடுகளோடு தைத்து வீணான டி-ஷர்ட் மூட்டை என்னிடமும் ஒன்று கிடக்கிறது.

கே: போட்டியில் லோகோ வாங்கி நான்கு மாதமாகிறது. 'இது எங்கள் சின்னம்' என்று வேறொரு நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.

ப: ஏமாற்றப்பட்டவர் நீங்கள். ஆனாலும் நோட்டீஸ் பயன்படுத்துகிறவருக்குத்தான் வரும். புதிதாக எதையும் அச்சடிக்காதீர்கள். ரசீது, உரையாடல், உரிமை மாற்றிய ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேமியுங்கள். லோகோ படத்தை, படம் வைத்துத் தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் ஏற்றித் தேடுங்கள். ஸ்டாக் தளத்தில் அகப்பட்டால் அதையே சான்றாக்கிப் போட்டித் தளத்திடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஸ்டாக் படங்களின் வழக்கமான உரிமம் அவற்றை லோகோவாக்க விடாது. அப்படியானால் தன்னிடம் இல்லாத உரிமையைத்தான் அந்த டிசைனர் உங்களுக்கு விற்றிருக்கிறார். நோட்டீஸுக்கு வக்கீல் வழியாகவே பதில் போகட்டும். அடுத்த லோகோவை வைப்போவின் (ஐநாவின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பு) குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் தேடிப் பார்த்த பிறகு உறுதிசெய்யுங்கள், இலவசம்தான்.

கே: நான் டிசைனர். 14 போட்டியில் தோற்றேன். 15-வதில் இறங்கட்டுமா?

ப: போதும். பாதி முன்பணம், இரண்டு வடிவம், மூன்று திருத்தம் என்று எழுதிக் கொடுத்து வேலை எடுங்கள். மீதிப் பணம் வரும்வரை சின்ன அளவு பிஎன்ஜி மட்டும் அனுப்புங்கள்.